பார்க்க நேரம் தராத ஊர்

ஜூன் 3, செவ்வாய்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ மறுபடி எடுத்திருக்கிறேன். ஊரைக் கட்டி, படை திரட்டி எதிராளியோடு மோதும் கம்ப்யூட்டர் ஆட்டம். 1999இல் வந்தது, நான் ஆடுவது 2019இல் வந்த புதுப்பிப்பான டெஃபினிட்டிவ் எடிஷன். ஆட்டை ஓட்டிவந்து ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர் வாசலில் அறுப்பது, காட்டுப்பன்றியைச் சீண்டி இழுத்து வருவது, மரம் வெட்ட ஆள் அனுப்புவது என்று ஆரம்பம் முழுக்க எனக்கு இஷ்டம். ஒரு ஊர் கண்ணெதிரே எழும்புகிறது. அதை நிதானமாகப் பார்க்கத்தான் முடியவில்லை.

கணக்கு இதுதான்: டவுன் சென்டரில் ஒரு வில்லேஜர், அதாவது வேலையாள், உருவாக 25 விநாடி. ஆன்லைனில் ஆட்டம் 1.7 மடங்கு வேகத்தில் ஓடுவதால் நம் கடிகாரத்தில் சுமார் 15 விநாடி. அதற்குள் 50 உணவு சேர்த்து அடுத்த ஆளுக்குச் சொல்லிவிட வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு வீடு வேண்டும், அதற்கு 25 மரம். டவுன் சென்டர் சும்மா நின்றால் அந்த நேரம் போனதுதான்.

ஜூன் 5, வியாழன்

ரேங்க்ட்டில், அதாவது தரவரிசைக்கான ஆன்லைன் ஆட்டத்தில், தோல்வி. எதிராளியின் வில்லாளிகள் விறகு வெட்டுகிறவர்களைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்களைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பினால் ஊரில் ஒரு வேலையும் நடக்கவில்லை. தோற்றது பரவாயில்லை. ஆனால் ஆட்டம் முடிந்தபின் உடம்பெல்லாம் இறுகிக் கிடந்தது. ஓய்வுக்காக ஆடுகிற ஒன்று இப்படி இருக்கக் கூடாது.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். "அண்ணே, சண்டையைப் பார்த்துட்டு நிக்காதீங்க, எச் அடிச்சு க்யூ அடிங்க" என்றான். எச் அடித்தால் டவுன் சென்டர், க்யூ அடித்தால் வில்லேஜர். அவன் விரல்கள் அதைத் தானாகவே செய்கின்றன, அவன் கண் குதிரைப்படையோடு போகிறது. அவனுக்கு அந்த வேகமே சுகம் என்பது பார்த்தாலே தெரிகிறது. பழகினால் எனக்கும் வரும் என்கிறான். வரலாம். ஆனால் அந்தச் சுகம் எனக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி. நான் தேடி வந்தது ஊரை.

ஜூன் 14, சனி

இன்று தனியாக, ராஜேந்திர சோழன் கதையை ஆடும் கேம்பெயின், வேகம் 1.0. அதில் நான் ஆளும் நாடு திராவிடர்கள், 2022 ஏப்ரலில் 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்போடு வந்தார்கள். ஊர் வளர்ந்து அடுத்த யுகத்துக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் 200 மரம் சும்மா கிடைக்கும், மீனவர்கள் கூடுதலாகச் சுமப்பார்கள். கனத்த குதிரைவீரர்கள் கிடையாது, காலாட்படையும் கப்பலும்தான் பலம். சோழர் கடாரம் கொண்டது 1025இல். சரியாக ஆயிரம் வருடம் கழித்து அந்தக் கப்பல்களை நான் ஓட்டுகிறேன் என்பது தனிச் சந்தோஷம். மீன்பிடிப் படகுகள் போய் வருவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மெதுவாக ஆடுவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேகத்தை மாற்றும் வசதியை வைத்ததே ஆட்டத்தைச் செய்தவர்கள்தான்.

ஜூன் 22, ஞாயிறு

இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்: ஆட்டம் தொடங்குமுன் ஆள் சேரும் லாபியில் இரண்டு பேர் ஒரே நிறத்தை எடுத்தால், ஒரே நாட்டை இருவரும் சேர்ந்து ஆளலாம். தம்பிக்குப் படை, எனக்கு ஊர். எதிரே கம்ப்யூட்டர், வேகம் 1.7 தான். ஆனாலும் மூச்சு முட்டவில்லை, ஏனென்றால் இரண்டு இடத்தைப் பார்க்கிற பாரம் போய்விட்டது. வயல்கள் வரிசையாக எழுந்தன. "தங்கம் பத்தலைண்ணே" என்று அவன் கத்தினால் நாலு பேரை மரத்திலிருந்து சுரங்கத்துக்கு மாற்றினேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பிரிட்டன்கள் என்ற நாட்டை ஆள வேண்டுமாம். நீள்வில் வீரர்களுக்கு மரமும் தங்கமும் நிறைய வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டான்.