மூன்று கிலோத் துவக்குக்கு எந்த ரவை?

என் மனைவியின் தம்பி ஒஸ்ரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறார். பெண்டிகோவுக்கு அப்பால் ஒரு செம்மறிப் பண்ணையில் உரிமையாளரின் அனுமதியோடு முயலும் நரியும் சுடுகிறவர். அங்கே சட்டப்படி இரண்டும் பீடை விலங்குகள். முயல் தொல்லை, 1859இல் தோமஸ் ஒஸ்ரின் என்ற பண்ணைக்காரர் வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்டதோடு பெருகத் தொடங்கியது. நரியோ, ஆடுகள் குட்டி போடுகிற காலம் பார்த்து வரும்.

அவரிடம் ஏற்கெனவே 22-250 என்ற ரவை போடும் ரைபிள் ஒன்று இருக்கிறது. ரவை என்றால் கோது என்ற உறை, மருந்து, பறந்து போகும் சன்னம் மூன்றும் சேர்ந்தது; துவக்கையும் அதன் பெயராலேயே சொல்வார்கள். தடித்த குழல், குறிபார்க்கப் பெரிய ஸ்கோப், எல்லாமாக ஐந்து கிலோவுக்கு மேல். வாகனத்தில் வைத்துச் சுட அது போதும். மேடு பள்ளம் ஏறி நடக்க ஏலாது. அதனால் ஸ்கோப்போடு சேர்த்து மூன்று கிலோவுக்குள் ஒன்றைச் சொல்லிச் செய்விக்கப் போகிறார். "அதே 22-250ஐ மெல்லிய குழலில போட்டாச் சரிதானே அத்தான்? கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். நான் ஓய்வுபெற்ற பௌதிகவியல் வாத்தியார். இணுவிலில் இருந்துகொண்டு துவக்கைத் தொடாமலே ஒரு துவக்கைக் கட்டி முடிப்பது எப்படி என்பதுதான் இனி வருவது. வன்னிப் பக்கம் பயிர்க் காவலுக்கென்று உரிமம் எடுத்து வேட்டைத் துவக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. ரைபிள் சுடுவது இங்கே பொழுதுபோக்கு இல்லை. இந்த ஊரில் அப்படி இருப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

முதலில் போட்டிக்கு நிற்கும் ரவைகளை வரிசைப்படுத்தினோம். 22-250, பழைய 250 சாவேஜ் கோதின் கழுத்தை ஒடுக்கித் துவக்குக்காரர்கள் தாங்களாகச் செய்து பழகியது. 1965இல் ரெமிங்டன் கம்பனி அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. 223 ரெமிங்டன் அறுபதுகளில் இராணுவத்தின் 5.56 ரவையோடு கூடப் பிறந்தது. 204 ருகர், 2004இல் ஹோர்னடி, ருகர் என்ற இரண்டு கம்பனிகள் சேர்ந்து வெளியிட்டது. கடைசியாக 17 ஹோர்னெட், இருப்பதற்குள் சின்னது. இவற்றைவிடப் பெரிய 243 ரவையின் பக்கம் போகவில்லை. முயலுக்கு அது அளவுக்கு மிஞ்சியது.

தயாரிப்பாளர்கள் சொல்லும் வேகங்களை மீற்றருக்கு மாற்றி எழுதினேன். 22-250, 55 கிறெயின் சன்னத்தைச் செக்கனுக்கு 1122 மீற்றரில் விடுகிறது. 223 அதே சன்னத்தை 988இல். 204இல் 32 கிறெயின் என்றால் 1288, 40 கிறெயின் என்றால் 1189. 17 ஹோர்னெட் 20 கிறெயினை 1112இல். ஒரு கிறெயின் 0.0648 கிராம், ஆக 55 கிறெயின் என்பது மூன்றரைக் கிராம் சொச்சம். அவ்வளவுதான் சாமான்.

வேகத்தை மட்டும் பார்த்தால் தம்பியின் ஆசை நியாயமானது. ஆனால் சுட்ட சன்னம் எங்கே விழுகிறது என்பதை அவர் ஸ்கோப்புக்குள்ளாலேயே பார்க்கப் பழகியவர். பக்கத்தில் ஆள் வைத்துப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்க வேண்டுமானால், சன்னம் போய்ச் சேரும் நேரத்தில் துவக்கு இலக்கை விட்டு விலகியிருக்கக் கூடாது. இங்கேதான் பாரம் கணக்குக்குள் வருகிறது.

உந்தக் காப்பு பள்ளிக்கூடப் பாடம். சன்னத்தின் உந்தம், அதோடு குழல் வாயால் சீறும் மருந்து வாயுவின் உந்தம். இரண்டையும் கூட்டித் துவக்கின் திணிவால் பிரித்தால் பின்னுதைப்பின் வேகம் வரும். வாயுவின் பங்கைப் பலர் விட்டுவிடுவார்கள். 22-250இல் அது கிட்டத்தட்ட சன்னத்தின் பங்கில் முக்கால்வாசி. வாயு வேகத்தை அண்ணளவாக எடுத்துப் பார்த்ததில், மூன்று கிலோத் துவக்கில் 22-250 செக்கனுக்கு 2.3 மீற்றர், 223 1.8, 204இல் 40 கிறெயின் 1.7, 17 ஹோர்னெட் 0.8. அதே 22-250ஐ ஐந்து கிலோவில் வைத்தால் 1.4தான். தம்பி இதுவரை கண்டுவந்த சுகம் ரவையின் சுகமல்ல, பாரத்தின் சுகம்.

இன்னொன்றும் இருக்கிறது. சன்னம் 200 யார், அதாவது 183 மீற்றர், போக 22-250இல் ஏறக்குறைய 0.185 செக்கன், 223இல் 0.21. வேகமான ரவை கூடுதலாகவும் உதைக்கும், துவக்கு அடங்குவதற்குக் குறைவான நேரமும் தரும். இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. வேகம் கூடினால் எல்லாம் நல்லது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

கணக்கை அனுப்பிவிட்டு, அங்கே சுடுதளத்தில் யாரிடமாவது பாரம் குறைந்த 22-250யும் 223யும் இருந்தால் வாங்கிச் சுட்டுப் பாரும் என்றேன். பார்த்துவிட்டு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்: "223இல ஓட்டை விழுறது தெரியுது அத்தான். மற்றதில வானந்தான் தெரியுது."

உதைப்பின் வேகம் ஒரு பாதி. குழல் வாய் மேலே எழும்புவது மறு பாதி. அதை முற்றத்தில் செய்து பார்த்தேன். துவக்கு வடிவத்தில் எதையும் செதுக்கவில்லை. யாழ்ப்பாணத்து வளவுக்குள் அப்படியொரு தடி கிடந்தால் யார் யாருக்கோ விளக்கம் சொல்ல வேண்டி வரும். மூன்று கிலோவுக்கு வெட்டிய ஒரு பனஞ்சலாகை. மாங்கொப்பிலிருந்து இரண்டு நைலோன் கயிற்றில் கிடையாகத் தொங்கவிட்டேன். முன் முனையில் பேரன் விளையாடும் லேசர் லைட். சிவப்புப் புள்ளி கிணற்றடி மதிலில் விழுந்தது. பின்னாலிருந்து ஒரு மணற்பையை ஆடவிட்டுச் சலாகையின் பின்முகத்தில் இடிக்கச் செய்தேன். துவக்கில் விசை முன்னாலிருந்து பின்னுக்கு வரும், இங்கே எதிர்த்திசை. ஆனால் அறிய வேண்டியது திருப்பத்தைத்தான், அதற்கு இது போதும்.

திணிவு மையத்தின் நேர்கோட்டில் இடித்தபோது சலாகை முன்னுக்குப் போய் வந்தது, புள்ளி இருந்த இடத்திலேயே கொஞ்சம் நடுங்கியது. இரண்டு விரலளவு கீழே இடித்தேன். புள்ளி ஒரேயடியாக மேலே பாய்ந்து மதிலைத் தாண்டி முருங்கையில் போய் நின்றது. இடியின் பலம் ஒன்றுதான், இடம் மட்டுமே வேறு. அந்த நேரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "மாஸ்ரர், என்ன, வௌவால் கலைக்கிறியளோ?" என்று கேட்டார். ஓம் என்றுவிட்டேன்.

இதிலிருந்து தம்பிக்குச் சொன்னது: தோளில் படும் இடம் குழலின் கோட்டுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ, வாய் அவ்வளவு குறையத் துள்ளும். பின்கட்டை கீழே சரியாமல் நேராக இருக்கட்டும், ஸ்கோப்பைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டலாம். கட்டை செய்பவரிடம் அழகான வளைவு கேட்காதேயும் என்றேன். அவருக்கு அந்த வளைவில் ஆசை, இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

அடுத்தது காற்று. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சன்னம் எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் ஒதுங்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் எண்ண வேண்டியது பறந்த நேரத்தையல்ல, தாமதத்தை. வளித்தடையே இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் எடுத்திருக்கும், இப்போது எவ்வளவு எடுக்கிறது என்ற வித்தியாசத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் ஒதுங்கும் தூரம். இதைப் பிரெஞ்சுக்காரர் டிடியோனின் பெயரால் சொல்வார்கள். தடை இல்லாத இடத்தில் காற்றுக்கும் சன்னத்துக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை, அதனால் தாமதமும் இல்லை, ஒதுக்கமும் இல்லை. சோளகம் அடிக்கும் காலத்தில் இதை வகுப்பில் சொல்லாமல் போனேனே என்று இருக்கிறது. பிள்ளைகள் வாய் பிளந்திருப்பார்கள்.

223ஐ வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். 200 யாருக்கு 0.2108 செக்கன் எடுக்கிறது. தொடக்க வேகம் குறையாமல் போயிருந்தால் 0.1852. வித்தியாசம் 0.0256. மணிக்கு 16 கிலோமீற்றர் காற்று, அதாவது செக்கனுக்கு 4.44 மீற்றர், பெருக்கினால் 11.4 சென்ரிமீற்றர். நடுவில் பிடித்தால் முயலின் தலை தப்பிவிடும்.

மற்றவற்றையும் இப்படியே போட்டேன். 17 ஹோர்னெட் 14 சென்ரிமீற்றர் ஒதுங்குகிறது. உதைப்பில் வாங்கிய நல்ல பெயரெல்லாம் இதில் போயிற்று. 22-250 9.8. 204இன் 32 கிறெயின் 10.3. ஆனால் அதே 204இல் 40 கிறெயின் 8.4தான். அந்த நீண்ட சன்னம் காற்றைக் கிழிக்கும் விதம் அப்படி. மருந்தைக் கொட்டி எரிக்கும் 22-250ஐ அது காற்றில் வெல்கிறது, உதைப்பிலோ 223க்கும் கீழே நிற்கிறது. இந்த ஒரு வரியைப் பார்த்தபின் மற்ற விஷயங்களைச் சும்மா ஒப்புக்குத்தான் பார்த்தேன்.

குழல் பாரம் அதில் ஒன்று. 56 சென்ரிமீற்றர் குழல், சராசரி வெளிவிட்டம் 18 மில்லிமீற்றர் என்றால் ஒரு கிலோ வருகிறது. "சின்னத் துளை எண்டாப் பாரம் குறையுந்தானே?" என்று தம்பி கேட்டார். வெளிவிட்டத்தை மாற்றாவிட்டால் கூடும். துளை சின்னதாகும்போது உருக்கு மிஞ்சுகிறது, 204இல் ஏறக்குறைய 20 கிராம் கூட. பெரிய விஷயமில்லை, ஆனால் கேட்டவர் சிரித்தார்.

மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும். முயல் நிறைய நிற்கும் மாலையில் 22-250ஐத் தொடர்ந்து சுட்டால் குழலின் தொண்டை, அதாவது ரவைக்கு முன்னால் குழல் தொடங்கும் இடம், அரிக்கும், அடிகளும் சிதறும். இரண்டு மூன்று வெடிக்கு மேல் தொடர்ந்து வைக்காத ஆளாக இருந்தால் இது பிரச்சினையே இல்லை. தம்பி அப்படிப்பட்ட ஆளில்லை.

223க்கு ஒரு வலுவான பக்கம் உண்டு: எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் ரவை கிடைக்கும், விலையும் குறைவு. 204 அப்படியில்லை, முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். துளை சின்னதென்றபடியால் துப்புரவாக்கும் கம்பியும் தனியாக வாங்க வேண்டும். இதற்காகவே நான் கடைசி வரை 223 பக்கம் சாய்ந்திருந்தேன். முடிவை இலகுவாக்கியது கோதின் அடிப்பகுதி. 204க்கும் 223க்கும் அடிவிட்டம் ஒன்றே, 9.6 மில்லிமீற்றர்; ரவையின் முழு நீளமும் ஒன்றே. ரவையை ஏற்றி வெடிக்க வைக்கும் பகுதியான அக்‌ஷன் அதே சின்னது, அதற்குள் ரவையின் அடியைப் பிடிக்கும் போல்ட்டும் அதே. நாளைக்கு 204 ரவை கிடைப்பது கஷ்டமானால் குழலை மட்டும் கழற்றி 223 குழல் பூட்டலாம். 22-250க்கு அடி 12 மில்லிமீற்றர், அதற்குப் போல்ட்டே வேறு.

204க்குக் குழல் சொல்லியாயிற்று, சன்னத்தைச் சுழற்றும் உள்வரிகளுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு. 40 கிறெயினுக்கு அது காணும். பாரப் பட்டியல் இப்போது இப்படி நிற்கிறது: குழல் ஒரு கிலோ, அக்‌ஷனும் போல்ட்டும் 900 கிராம், கட்டை 700, ஸ்கோப்பும் வளையங்களும் 500. மூன்று கிலோவைவிட நூறு கிராம் கூட. கட்டையில் குறைக்கலாம் என்று நான், ஸ்கோப்பில் குறைக்கலாம் என்று அவர். வாங்குவதற்கான பொலிஸ் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அது வருவதற்குள் கட்டையின் வளைவைப் பற்றி இன்னொருக்கால் கதைக்க வேண்டும்.