அவரைப் பந்தலில் பிடித்தது

"அக்கா, அவரையில உட்கார்ந்திருந்துச்சு, சரி. அவரையிலதான் வளர்ந்துச்சுன்னு எப்படி எழுதுறது?"

பந்தலில் பிடித்த ஒரு அந்துப்பூச்சிக்கு லேபிள் எழுதும்போது, என்னோடு வேலை பார்த்த பெண் கேட்டது இவ்வளவுதான். "அவரைப் பந்தல்லதானே பிடிச்ச? அதையே எழுதும்மா" என்றேன். மறுநாள் அறிக்கை போக வேண்டும், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இறகு அந்து என்று குடும்பத்தைச் சொல்வதில் குழப்பமே வராது. முன்னிறகு பெரும்பாலும் இரண்டாகவும் பின்னிறகு மூன்றாகவும் பிளந்திருக்கும். துவரையில் வரும் எக்ஸெலாஸ்டிஸ் அட்டோமோசா என்ற இறகு அந்தையும் பழகிய கண் பிரித்துவிடும். எங்களிடம் இருந்தது ஸ்பெனார்கஸ் என்ற பேரினம். அதில் காஃபர், அனிசோடாக்டைலஸ் என்ற இரண்டு சிற்றினங்களும் பார்வைக்கு ஒரே மாதிரி. முன்னது சுரையில் வரும், பின்னது அவரையில் வரும் என்று பேசிக்கொள்வோம். பழைய பதிவுகளில் இரண்டு பெயரும் கலந்து கிடப்பதற்கு, செடியைப் பார்த்துப் பெயர் எழுதும் இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அப்புறம் நானும் அதையே செய்தேன். அவரைப் பந்தலை ஒட்டியே சுரைப் பந்தலும் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சிற்றினத்தைப் பிரிக்க, பூச்சியின் வயிற்றை எடுத்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி, செதில்களை நீக்கிப் பிறப்புறுப்பைப் பார்த்திருக்க வேண்டும். இருந்ததோ ஒரே பூச்சி, கெடுத்துவிடுவோமோ என்று பயந்தேன். ஆனால் எடுத்த பாகத்தைக் கிளிசரின் உள்ள சின்னக் குப்பியில் போட்டு, பூச்சியைக் குத்திய அதே ஊசியில் குத்தி வைக்கலாம். எதுவும் வீணாகியிருக்காது.

விவசாயிக்கு நஷ்டமில்லை, எந்தப் பெயராக இருந்தாலும் நாங்கள் சொல்லியிருக்கும் யோசனை ஒன்றுதான். ஆனால் லேபிளைப் படிக்கப்போவது அவர் இல்லையே. செடியை வைத்துப் பெயர் எழுதினேன். நாளைக்கு யாரோ அந்தப் பெயரை வைத்தே, இது அவரையில் வளரும் என்று எழுதுவார்.

போன மாதம் பெட்டியைத் திறந்தேன். இறகுகள் அப்படியே இருந்தன, வயிறு உடைந்து போயிருந்தது. பெட்டியின் அடியில் துழாவிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பழைய லேபிளை எடுக்கக் கூடாது, கீழே புதிதாக ஒன்று சேர்க்கலாம், அதுதான் முறை. 'ஸ்பெனார்கஸ், சிற்றினம் உறுதியில்லை' என்று எழுதிக் குத்தினேன். மேலே அவளுடைய குண்டுக் கையெழுத்தில் 'அவரை' இருக்கிறது. அவள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.