ரத்தம் வருகிற இடத்தில்தான் தேய்க்கணும்

சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டைப் பார்த்தார், பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், கண் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்டார். கடைசியாக, "பல் தேய்க்கறப்ப ரத்தம் வருதா?" என்றார். வருஷக்கணக்காக வருகிறது. அதைப் போய் சர்க்கரை டாக்டரிடம் யார் சொல்வார்கள்? சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் இறங்க அடம்பிடிக்கும் என்று சொல்லி, பல்லைக் காட்டிவிட்டு வரச் சொன்னார்.

சென்னை பிராட்வே பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். ஓபி சீட்டு வாங்கியதும் ஈறு சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மேற்படிப்பு படிக்கும் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் அளந்தார். "மூணு, ரெண்டு, மூணு... அஞ்சு, ஆறு..." அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்டார். 3 வரைக்கும் பயமில்லை. அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது என்று அர்த்தமாம். எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பல்லைச் சுற்றி எலும்பும் கொஞ்சம் கரைந்திருந்தது. போன எலும்பு தானாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். எனக்கு ஒரு நாளும் பல் வலித்ததில்லை. சொத்தை வலித்தாவது காட்டிக்கொடுக்கும். ஈறு நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல் வேலை பார்க்கிறது.

பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கை, அதாவது காரையை எடுக்கும் கிளீனிங் என்றதும் நாத்தனாரிடமிருந்து போன். "காரையை எடுத்தா பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சிடும் அண்ணி, வேண்டாம்." டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "பல்லு ஆடறது எலும்பு போனதாலம்மா. காரை சிமென்ட் மாதிரி ரெண்டு பல்லையும் சேர்த்துப் பிடிச்சு அதை மறைச்சு வெச்சிருக்கும், அவ்வளவுதான்" என்றார். கீழ் முன்பற்களின் உள்பக்கமும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கமும்தான் எனக்கு அதிகம் காரை. எச்சில் சுரப்பிகளின் வாய் அந்த இடங்களில் திறப்பதால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அழுக்கில் படிந்து அங்கே சீக்கிரம் கெட்டியாகிவிடுகிறதாம்.

மேலே இருந்ததை, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அதிரும் கருவியால் எடுத்தார்கள். பை விழுந்த பக்கங்களுக்கு இன்னொரு நாள் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டினார்கள். பிறகு கொஞ்ச நாள் மோர் குடித்தால்கூடக் கூசியது. வீங்கியிருந்த ஈறு வற்றியதில் பல்லிடுக்குகள் பெரிதாகத் தெரிந்தன. நாத்தனார் சொன்னது இதைத்தான் போல.

நிஜமான வேலை அதற்குப் பிறகுதான். வீட்டில் எப்படித் தேய்ப்பேனோ அப்படியே தேய்க்கச் சொல்லி, பிறகு பல்லில் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். பல்லின் நடுப்பகுதி பளிச்சென்று இருந்தது. ஈறோரமும் இடுக்கும் முழுக்கச் சிவப்பு. மிருதுவான பிரஷ்ஷை ஈறு பக்கம் சாய்த்து, இடத்தை விட்டு நகராமல் சின்னதாக அசைக்க வேண்டும். ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிடக் கூடாது, அங்கேதான் அழுக்கு உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி படுக்குமுன் தேய்ப்பது கட்டாயம். ஃப்ளோரைடு பேஸ்ட்டின் நுரையைத் துப்பலாம், ஆனால் உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும். இந்த ஒன்றுதான் எனக்குப் பழகக் கஷ்டமாக இருந்தது. கொப்பளிக்காமல் பல் தேய்த்த மாதிரியே இல்லை.

இடுக்குக்கு நூல் கொடுக்கவில்லை. என் இடைவெளிக்கு, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவில் இருக்கும் இன்டர்டென்டல் பிரஷ்தான் சரியாம். முன்பல்லுக்கு ஒரு அளவு, கடைவாய்க்கு ஒரு அளவு. திணித்து நுழைக்கக் கூடாது. என்னைக் கேட்டால், விதவிதமான பேஸ்ட்டுக்குச் செலவழிப்பதை இதற்குச் செலவழிக்கலாம். ரெண்டு வாரத்துக்குள் ரத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. கிருமியைக் கட்டுப்படுத்தும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொஞ்ச நாளைக்குத்தான். மேலே தொடர்ந்தால், என்னைப் போன்ற டீக்காரிகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

பல் டாக்டர் டீயிலும் கை வைத்தார். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, சர்க்கரை கம்மியாகப் போட்ட டீயை ஃபிளாஸ்கிலிருந்து மதியம் வரை உறிஞ்சுவேன். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியமாம். ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் ஏறி, அடங்க அரைமணிக்கு மேல் ஆகிறது. அதிலும் ஈறு இறங்கி வெளியே தெரியும் வேருக்கு எனாமல் கிடையாது, சொத்தை சுலபமாகப் பிடிக்கும். இப்போது சர்க்கரையே போடாமல், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் வெறும் தண்ணீர்.

மறுபடி அளந்தபோது 5 இருந்த இடங்கள் பெரும்பாலும் 3 ஆகியிருந்தன. கடைவாய்ப் பல் ஒன்றில் மட்டும் 6 அப்படியே நிற்கிறது. அடுத்த முறையும் குறையாவிட்டால் அந்த இடத்தில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யலாம் என்கிறார்கள், அதற்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டுமாம்.