வரைபடத்தில் 3.4, விடைத்தாளில் 2 + √2

√2, √72 போன்ற விகிதமுறா மூலங்கள் ஒன்பதாம் வகுப்பில், இருபடி வரைபடம் பத்தாம் வகுப்பில். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு முழு வருடம் ஓடிவிடுகிறது. வரைபடம் பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் கேள்வி, அதனால் அதற்கு டெஸ்ட்மேல் டெஸ்ட் வைக்கிறோம். √72-ஐச் சுருக்குவதை ஒன்பதாம் வகுப்போடு விட்டுவிடுகிறோம். இரண்டும் ஒரே எண்ணைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாமலே பத்தாம் வகுப்பு முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு காரணம் நாம் எடுக்கும் கணக்குகள். x² + x − 2 என்று கொடுத்தால் வளைவரை x அச்சை −2-லும் 1-லும் கச்சிதமாக வெட்டும். காரணிப்படுத்தியே விடை கண்டுவிட்டு, வளைவரையை அந்தப் புள்ளிகளுக்கு இழுத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் உண்டு. வரைபடத்தை வரைபடமாகப் படிக்க வைக்க வேண்டுமென்றால் முழு எண்ணில் வெட்டாத ஒரு இருபடி வேண்டும். y = x² − 4x + 2 அதற்குத் தோதானது: எண்கள் சின்னவை, தாளில் அடங்கும், மூலங்கள் (வளைவரை x அச்சை வெட்டும் x மதிப்புகள்) விகிதமுறா எண்கள்.

அட்டவணை இப்படி வரும்:

x: −1, 0, 1, 2, 3, 4, 5
x²: 1, 0, 1, 4, 9, 16, 25
−4x: 4, 0, −4, −8, −12, −16, −20
+2: 2, 2, 2, 2, 2, 2, 2
y: 7, 2, −1, −2, −1, 2, 7

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. x = −1-க்கு x² வரிசையில் −1 எழுதுவது; −4x வரிசையில் −4 எழுதுவது; x = 0 வரும் கட்டத்தில், "சைபர் போட்டா எல்லாம் சைபர்தானே" என்று மாறிலி வரிசையிலும் 0 எழுதுவது. முதல் தவறுக்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. எக்செல்லில் சமன்குறி போட்டு −3^2 என்று தட்டினால் 9 வரும். பைத்தானில் அதே கணக்குக்கு −9. கருவிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அடைப்புக்குறி போட்டு (−3)² என்று எழுதும் பழக்கம் ஒன்றுதான் இதற்கு வழி.

புள்ளி குறிக்கத் தொடங்குவதற்கு முன்பே அட்டவணையைச் சோதித்துவிடலாம். y வரிசையில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைக் கீழே எழுதச் சொல்லுங்கள்: −5, −3, −1, 1, 3, 5. ஒவ்வொன்றும் முந்தையதைவிட 2 கூடுகிறது. x² தனியாக இருந்தால் 2, 2x² என்றால் 4, −x² என்றால் −2. அதாவது x²-இன் கெழுவைப் போல இருமடங்கு. இது x ஒவ்வொன்றாக ஏறும்வரை தப்பாது. (−1)²-ஐ −1 என்று எடுத்தவருக்கு முதல் y மதிப்பு 5 ஆகிவிடும், வித்தியாசம் −3, −3, −1 என்று போகும். முதல் அடியிலேயே இடிக்கிறது, தப்பு எந்தக் கட்டத்தில் என்பதும் தெரிந்துவிடுகிறது. அரை நிமிட வேலை. இரண்டு பக்கமும் 7, 2, −1 என்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் சோதனைதான், ஆனால் முனை (வளைவரை திரும்பும் புள்ளி) அரை எண்ணில் விழுந்தாலோ அட்டவணை ஒரு பக்கமாக நீண்டாலோ அது அவ்வளவு பளிச்சென்று தெரியாது.

அளவுத்திட்டம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இங்கே இரண்டு அச்சிலும் 1 செ.மீ = 1 அலகு போதும்; y மதிப்பு 20-ஐத் தாண்டும் கணக்குகளில் y அச்சுக்கு 1 செ.மீ = 2 அலகு. அப்போது ஒரு சின்னக் கட்டம் 0.2 ஆகிறது என்பதை மறந்து 0.1 என்றே படிப்பார்கள். அளவுத்திட்டத்தைத் தாளின் மூலையில் எழுதாமல் விடுவதும் வழக்கமான இழப்பு.

வளைவரையில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் (1, −1), (2, −2), (3, −1) மூன்றையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் அப்பட்டமான V வரும். வேறு கணக்குகளில் அடி தட்டையாகும்: y = x² + 3x − 4-இல் x = −2, x = −1 இரண்டுக்கும் y = −6. அவற்றை நேர்க்கோட்டால் சேர்த்தால் வாளியின் அடிப்பாகம் மாதிரி இருக்கும்; உண்மையான முனையோ x = −1.5-இல் −6.25 வரை இறங்குகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: முனைக்குப் பக்கத்தில் கூடுதலாக ஓரிரு நெடுவரிசை. நம் கணக்கில் 1.5, 2.5 இரண்டுக்கும் y = −1.75. அந்த இரண்டு புள்ளி வந்துவிட்டால் கை தானாக வளையும். இன்னொரு கைப்பழக்கம்: தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வரையச் சொல்லலாம். மணிக்கட்டு வளைவுக்கு உள்பக்கம் இருந்தால் கோடு நடுங்காது.

ஸ்கேல் வைத்து இணைப்பது அழகுக் குறைவு மட்டுமல்ல, விடையையே மாற்றுகிறது. (3, −1)-ஐயும் (4, 2)-ஐயும் நேர்க்கோட்டால் சேர்த்தால் அது x அச்சை 3.33-இல் வெட்டும். மறுபக்கம் 0.67. பிள்ளை 3.3, 0.7 என்று எழுதும். ஒழுங்காக வளைத்து வரைந்தவருக்கு 3.4, 0.6. ax² + bx + c = 0-இன் மூலங்களின் கூடுதல் −b/a, பெருக்கற்பலன் c/a; நம் கணக்கில் 4, 2. இங்கே கூடுதலை வைத்துச் சோதித்தால் இருவருமே தேறிவிடுவார்கள், இரண்டிலும் கூடுதல் 4. பெருக்கற்பலன்தான் பிடித்துக்கொடுக்கும்: 3.4 × 0.6 = 2.04, வேண்டிய 2-க்கு ஒட்டி வருகிறது, 3.3 × 0.7 = 2.31. கூடுதலோடு நிறுத்திக்கொள்ளாமல் பெருக்கலையும் கேளுங்கள்.

இனி x² − 4x + 2 = 0-ஐ x = (−b ± √(b² − 4ac))/2a என்ற சூத்திரத்தில் போடுவோம். (4 ± √8)/2. இங்கே ஒன்பதாம் வகுப்பின் கடன் வட்டியோடு வந்து நிற்கிறது. √8 = 2√2, ஆகவே (4 ± 2√2)/2, ஆகவே 2 ± √2. நடைமுறையில் தாள்களில் பார்ப்பது 2 ± 2√2, அல்லது 4 ± √2.

இதில் ஒரு விஷயத்தைத் திருத்துபவர்கள் கவனிக்க வேண்டும். 2 ± 2√2 என்ற ஒரே தவறான விடைக்கு இரண்டு வெவ்வேறு வழிகள் இருக்கின்றன. √8-இல் 4-ஐ அப்படியே வெளியே எடுத்து 4√2 என்று எழுதி, பிறகு ஒழுங்காக 2-ஆல் வகுத்தவருக்கும் அது வரும்; √8-ஐச் சரியாக 2√2 என்று சுருக்கி, மேலே உள்ள 4-ஐ மட்டும் 2-ஆல் அடித்தவருக்கும் அதுவே வரும். முன்னவருக்கு வர்க்கமூலம் புரியவில்லை, பின்னவருக்கு பின்னம் புரியவில்லை. கடைசி வரியைச் சுழித்துவிட்டு நகர்ந்தால் இருவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லிவிடுவோம். 4 ± √2-க்கும் இதே கதை. பின்னக்கோட்டை −b-க்குக் கீழே நீட்டாமல் வர்க்கமூலத்துக்கு அடியில் மட்டும் போட்டவர் 4 ± √8/2 என்று எழுதி அங்கே போய்ச் சேருவார். 2√2-இல் உள்ள 2-ஐ மட்டும் அடித்தவரும் அங்கேதான் வருவார்.

மூலக்குறியின் மேல்கோடு எதுவரை நீள்கிறது என்பதும் அப்படித்தான். √ குறியை 1525-இல் ஜெர்மன் கணிதர் ருடால்ஃப் அச்சில் கொண்டுவந்தபோது மேல்கோடே கிடையாது. 1637-இல் பிரெஞ்சு கணிதர் டெகார்த்தேதான் கோட்டை அதோடு சேர்த்தார். எதெல்லாம் குறிக்குள் அடக்கம் என்று காட்டத்தான் அந்தக் கோடு. அவசரத்தில் அதை b² வரை மட்டும் இழுத்து நிறுத்தினால் 4ac வெளியே விழுந்துவிடுகிறது.

மேலே சொன்ன தவறான விடைகளை வரைபடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். 2 + 2√2 என்பது சுமார் 4.83, அந்த இடத்தில் வளைவரை x அச்சிலிருந்து 6 அலகு மேலே போய்விட்டது. 4 + √2 சுமார் 5.41, அட்டவணையே 5-இல் முடிந்துவிட்டது. ஆனால் இப்படிப் பார்க்க √2 என்றால் 1.414 என்பது வாயில் இருக்க வேண்டும். √3-க்கு 1.732, √5-க்கு 2.236. வாய்ப்பாடு மாதிரி இந்த மூன்றையும் சொல்ல வைப்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

வர்க்கமூலத்தைச் சுருக்கும் முன்பே அது எந்த இரண்டு முழு எண்களுக்கு நடுவில் என்று ஓரத்தில் எழுதச் சொல்வதும் அதற்காகத்தான். √8 என்றால் 2-க்கும் 3-க்கும் நடுவில். 4√2 என்று எழுதினால் 5.6 வருகிறது, ஆகாது. √72 என்றால் 8-க்கும் 9-க்கும் நடுவில். 6√2 = 8.48, சரி. 36√2 என்று எழுதுபவர் 50-ஐத் தாண்டிவிடுகிறார். 72 = 9 × 8 என்று பிரித்து 3√8 என்று நிறுத்தியவரின் மதிப்பு சரிதான், வேலை மட்டும் பாதியில் நிற்கிறது; குறிக்குள் இருக்கும் எண் 4, 9, 25, 49 எதாலும் வகுபடக் கூடாது என்று ஒரு முடிவெல்லை சொல்லிவிட்டால் மேலே போவார். அதே 3√8-இல் 3-ஐக் குட்டியாக, மேலே தூக்கி எழுதினால் அது எட்டின் கனமூலம் ஆகிவிடும், மதிப்பு 2. கையெழுத்தால் வரும் பிழை, ஆனால் அடுத்த வரியில் அந்தப் பிள்ளையே அதைக் கனமூலமாகப் படித்துத் தொடரும்.

√50 + √18 = √68 என்பதற்கும் மதிப்பீடுதான் பதில். 7 சொச்சமும் 4 சொச்சமும் கூடினால் 11-க்கு மேல் வர வேண்டும். √68 ஒன்பதைக்கூடத் தொடாது. பிறகு 5√2 + 3√2 = 8√2 என்று போடும்போது ஏன் அப்படி என்று கேட்கவே மாட்டார்கள்.

சூத்திரத்தை ஒரே பின்னமாகக் காட்டாமல் இரண்டாகப் பிரித்துக் காட்டினால் பாதிப் பிழைகள் எழாது. −b/2a என்பது சமச்சீர் அச்சின் இடம். √(b² − 4ac)/2a என்பது அங்கிருந்து இரண்டு பக்கமும் போக வேண்டிய தூரம். நம் கணக்கில் அச்சு x = 2, தூரம் √8/2, அதாவது √2. இதைத் தாளிலேயே அளந்து காட்டலாம். வரைபடத்தாளில் 1 செ.மீ பெரிய கட்டம் ஒன்றின் மூலைவிட்டத்தைக் காம்பஸில் எடுங்கள். அதன் நீளம் √2 செ.மீ. ஊசியை (2, 0)-இல் ஊன்றி x அச்சில் இரண்டு பக்கமும் வெட்டுங்கள். வளைவரை எங்கே வெட்டியதோ அங்கேயே வில்லும் வெட்டும், பென்சில் கோட்டின் தடிமன் அளவு முன்னே பின்னே. y அச்சின் அளவு எதுவானாலும் இது பலிக்கும், x அச்சில் 1 செ.மீ = 1 அலகாக இருந்தால் போதும்.

தேர்வில் வரும் இரண்டாம் பகுதிக்கும் இதே தாள் உதவும். அதே வரைபடத்தைக் கொண்டு x² − 5x + 5 = 0-ஐத் தீர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தின் y = x² − 4x + 2-இலிருந்து 0 = x² − 5x + 5-ஐக் கழித்தால் y = x − 3; இந்தக் கோடு வளைவரையை வெட்டும் இடங்களே விடை. −4x-இலிருந்து −5x போனால் +x என்பதில் தடுக்கி −9x + 7 என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தக் கோடு செங்குத்தாகச் சரிந்து, தாளுக்குள் ஒரே இடத்தில்தான் வளைவரையைத் தொடும், அதை ஒற்றை மூலம் என்று எழுதிவிடுவார்கள். சரியான கோட்டுக்கு (0, −3), (3, 0), (5, 2) என்று மூன்று புள்ளி எடுக்கட்டும்; இரண்டு எடுத்தால் எந்தத் தப்பும் நேர்க்கோடாகத்தான் தெரியும். வெட்டுமிடங்கள் x = 1.4, 3.6. புள்ளியை (1.4, −1.6) என்று முழுதாக விடையாக எழுதக் கூடாது, x மதிப்பு மட்டுமே மூலம். சோதனை: கூடுதல் 5, பெருக்கல் 5.04. காம்பஸ் வழியும் உண்டு: இந்தச் சமன்பாட்டுக்கு அச்சு 2.5, தூரம் √5/2. ஒரு கட்டமும் அரைக் கட்டமும் கொண்ட செவ்வகத்தின் மூலைவிட்டம்.

மூலமே இல்லாத வகைக்குத் தனியாக ஒரு தாள் வீணாக்க வேண்டாம். நம் அட்டவணையின் y வரிசையில் எல்லாவற்றோடும் 2 கூட்டினால் x² − 4x + 4, 3 கூட்டினால் x² − 4x + 5. மூன்று வளைவரைகளும் அச்சு அசலாக ஒரே உருவம், மேலே நகர்ந்திருக்கும், அவ்வளவே. தன்மைகாட்டி (b² − 4ac) 8, 0, −4. முதலாவது இரண்டு இடத்தில் வெட்டுகிறது, இரண்டாவது (2, 0)-இல் தொட்டு நிற்கிறது, மூன்றாவதன் முனை (2, 1)-இலேயே நின்றுவிடுகிறது. √−4 = −2 என்று எழுதியவருக்கு 1, 3 என்று இரண்டு மூலம் வந்திருக்கும். அந்த இரண்டு இடத்திலும் மூன்றாவது வளைவரையின் உயரம் என்ன என்று படிக்கச் சொன்னால் 2, 2 என்று அவரே சொல்வார்.