வெளிர் ரோஸ் ஆசாரம்

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு ஆசாரத்துக்கு, அதாவது ஹாலுக்கு, வெளிர் ரோஸ் பெயிண்ட் என்றதும், "அது பாப்பா ரூம் கலருங்க அம்மிணி" என்றார் பெயிண்டர் அண்ணன். அதெல்லாம் இல்லை. லேசாகச் சாம்பல் கலந்த ரோஸாக எடுத்தால் பஞ்சுமிட்டாய் மாதிரி ஆகாது. தேக்குக் கதவோடும் சிவப்பு ஆக்சைடு தரையோடும் அவ்வளவு பாந்தமாகச் சேருகிறது!

எல்லாம் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. வடக்கு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் இதே நிறம் சாம்பல் பூத்துத் தெரியும். மேற்கு வெயில் இறங்கும் அறையில் சாயங்காலம் பீச் நிறமாகிவிடும். வெள்ளை டியூப்லைட்டில் கொஞ்சம் ஊதா அடிக்கும். மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பு போட்டால் கதகதப்பாகத் தெரியும். அதனால் கடையில் தரும் கலர் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். சுவரில் வெள்ளை பிரைமர் மேல் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடித்து, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சீலிங் வெள்ளையாகவே இருக்கட்டும். அப்புறம் திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் ரோஸில் வாங்கிக் குவிக்க வேண்டாம். பட்டை பட்டையான பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தாலே அறை எடுப்பாகிவிடும்.

அடுத்து அம்மாவின் படுக்கையறை. அங்கே மேற்கு ஜன்னல். இதே ரோஸா, இல்லை சந்தன நிறமா? சொல்லுங்க.