ஹாலை உருவாக்கியவர் யார்? ஒரு கலைக்களஞ்சியப் பக்கத்தோடு பட்ட பாடு

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பார்கள். திருத்தலாம்தான், திருத்தியது மறுநாள் காலை வரை நிற்குமா என்பதுதான் கேள்வி. கணக்குத் தொடங்குவது, தொகு பொத்தானை அழுத்துவது, மேற்கோள் வார்ப்புருவை நிரப்புவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டாலும் ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும். அதற்கு அப்புறம் வருவதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பக்கம், ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1968 ஏப்ரலில் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தைப் பற்றியது. ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் அதன் தமிழ்ப் பக்கத்தைப் படித்தால், படம் பார்த்த எவருக்கும் அடிக்கடி இடிக்கும். டிஸ்கவரி விண்கலம் சனிக் கோளுக்குப் போகிறது என்று இருந்தது. நிலவில் தோண்டி எடுக்கும் கறுப்பு ஒற்றைக்கல்லின் பக்கங்களின் விகிதம் 1:4:9 என்றும், அது புதைந்து 30 லட்சம் ஆண்டுகள் ஆயிற்று என்றும் இருந்தது. கலத்தை இயக்கும் ஹால் 9000 கணினி 1997 ஜனவரி 12 அன்று இயங்கத் தொடங்கியதாம். அதை உருவாக்கியவர் 'சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்னும் தமிழ் விஞ்ஞானி'யாம்.

இதில் ஒன்றுகூடக் கட்டுக்கதை இல்லை என்பதுதான் சிக்கலே. எல்லாம் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் தன் நாவல்களில் எழுதியவை. ஆனால் படத்தில் இல்லாதவை. குப்ரிக்கும் கிளார்க்கும் திரைக்கதையையும் நாவலையும் ஒரே காலத்தில் சேர்ந்து வளர்த்தார்கள். நாவல் அச்சில் வந்தது படம் வெளியான பிறகுதான். இரண்டும் பல இடங்களில் பிரிகின்றன. நாவலில் கலம் வியாழனைத் தாண்டிச் சனியின் துணைக்கோளான இயபெட்டசுக்குப் போகும். படத்தில் வியாழனோடு சரி. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் காட்ட முடியவில்லை என்பது காரணம். 1:4:9 என்ற கணக்கு நாவலில் உண்டு. படத்தில் நிற்கும் கல்லை அளந்தால் அந்தக் கணக்கு வராது. நாவலில் 30 லட்சம் ஆண்டுகள், படத்தில் 40 லட்சம். படத்தின் ஹால் சாகும் தறுவாயில் சொல்வது 1992. நாவலின் ஹால் சொல்வது 1997.

ஆக, யாரோ நாவலைப் படித்துவிட்டுப் படத்தின் கதைச்சுருக்கத்தை எழுதியிருக்கிறார். படம் பார்க்காமலேயே எழுதியிருக்கலாம் என்பது என் சந்தேகம். இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படத்தில் முதல் வசனமே வர ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். பாதியில் எழுந்து போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். ஒவ்வொன்றுக்கும் எதை, ஏன் மாற்றினேன் என்று தொகுப்புச் சுருக்கம் எழுதினேன். ஆஸ்கர் பற்றிய வரியும் (சிறந்த இயக்குநர் விருது வாங்கியதாக இருந்தது, படத்துக்குக் கிடைத்தது சிறப்புக் காட்சி விளைவுகளுக்கான விருது மட்டும், குப்ரிக் வாழ்நாளில் வாங்கிய ஒரே ஆஸ்கரும் அதுதான்), 'நாவலைத் தழுவிய படம்' என்ற வரியும் திருத்தியபடியே சண்டையில்லாமல் நின்றுவிட்டன. மற்ற அனைத்தையும் ஒரு மூத்த பயனர் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விட்டார். என் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'வணக்கம். மேற்கோளற்ற மாற்றங்கள் மீளமைக்கப்பட்டன. தங்கள் சொந்தக் கருத்துகளைச் சேர்க்க வேண்டாம். நன்றி.'

வணக்கத்துக்கும் நன்றிக்கும் நடுவில் இவ்வளவு கோபத்தை மடித்து வைக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். அவர் மீட்டு வைத்த பழைய வரிகளுக்கும் ஒரு மேற்கோள் கிடையாது. அதைக் கேட்டால், அவை 'ஏற்கெனவே உள்ள உள்ளடக்கம்' என்று பதில். ஏற்கெனவே இருந்துவிட்டால் போதும், சான்று வேண்டாம் போல.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நேரத்தில் கை பரபரக்கும். அவர் மீளமைத்ததை நீங்கள் மீளமைப்பது, அதை அவர் மீளமைப்பது என்று போனால், உள்ளடக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். தடை விழுவது புதியவர் மேல். நேராகக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். நான் போனேன்.

முதல் வாக்குவாதம் 1992 பற்றி. படத்தைப் பார்த்து எழுதுவது 'சொந்த ஆய்வு', அதாவது வெளிச்சான்று இல்லாத சொந்த முடிவு, என்றார் அந்த மூத்த பயனர். இல்லவே இல்லை. கதைச்சுருக்கத்துக்குப் படமே சான்று. திரையில் நடப்பதை உள்ளபடி சொல்லலாம், அதற்குப் பொருள் சொல்லத்தான் வெளிச்சான்று வேண்டும். விதிப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்ததும் அவர் வேறு வழியில் வந்தார். 1997 என்று சொல்லும் பழைய செய்தித்தாள் கட்டுரைகளை வரிசையாக எடுத்து வைத்தார். எல்லாம் உண்மையான கட்டுரைகள். காரணம், ஹால் பிறந்ததாகச் சொல்லப்படும் அமெரிக்க நகரமான அர்பானாவில் இருக்கும் இல்லினாய் பல்கலைக்கழகம், 1997 மார்ச்சில் ஹாலின் பிறந்தநாளை ஒரு விழாவாகவே கொண்டாடியது. நாவலின் ஆண்டை எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகைகள் அதை எழுதின. 1992ஐ யாரும் அப்படிக் கொண்டாடவில்லை, அதனால் அதைப் பற்றிச் செய்தியும் அவ்வளவாக இல்லை. நம்பகமான மூலங்களின் தலையை எண்ணினால் படம் தோற்றுவிடும்!

இதற்கு நான் கண்ட வழி, இரண்டையும் எழுதுவது. படத்தில் 1992, நாவலில் 1997, பல்கலைக்கழகம் கொண்டாடியது நாவல் கணக்குப்படி. அவருடைய செய்திக் கட்டுரைகள் மூன்றாவது வாக்கியத்துக்கு மேற்கோளாகப் போய் உட்கார்ந்துகொண்டன. எதிராளி கொண்டுவந்த சான்றைத் தூக்கி எறியாமல், அதற்குரிய இடத்தில் பயன்படுத்தினால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

படத்தை மேற்கோள் காட்டும்போது 'இத்தனையாவது நிமிடம்' என்று எழுதாதீர்கள். நான் அப்படி எழுதியிருந்ததைச் சரிபார்த்த இன்னொருவர், தன் வட்டில் அந்த நிமிடத்தில் வேறு காட்சி ஓடுகிறது என்று புகார் சொன்னார். சொன்னது சரிதான். முதலில் திரையிட்டபோது படம் சுமார் 160 நிமிடம் ஓடியது. அதன்பின் குப்ரிக் சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். இப்போது கிடைக்கும் பதிப்புகளிலும் தொடக்கத்தில் கறுப்புத் திரையோடு வரும் இசை, இடைவேளை இசை, கடைசி இசை சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. காட்சியைச் சொல்லுங்கள்: 'விண்வெளி வீரர் டேவ் போமன் ஹாலின் நினைவுக் கட்டைகளைக் கழற்றும் காட்சி'. அது எந்தப் பதிப்பிலும் இடம் மாறாது.

அடுத்து, நாவலில் 1997தான் என்று காட்ட அத்தியாயமும் பதிப்பும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் பிரதி இரவல் போய் வருடங்கள் ஆகின்றன. வாங்கிப் போனவரிடம் கேட்டால் வருத்தப்படுவார். நகரத்துப் பெரிய நூலகம் ஒன்றின் இணையப் பட்டியலில் புத்தகம் இருப்பதாகக் காட்டியது. பேருந்து பிடித்துப் போனேன். அலமாரியில் அந்த எண்ணில் இருந்தது '2010: ஒடிசி டூ'. கவுண்டரில் போய்ச் சொன்னேன்.

"அதே ரைட்டர்தான சார்?"

"ரைட்டர் அவர்தாங்க. புக் வேற. இது அடுத்த பாகம்."

"கதை ஒண்ணுதான சார். இதை எடுத்துட்டுப் போங்க."

கதை ஒன்றுதானே என்று எல்லோரும் நினைப்பதால்தான் அந்தப் பக்கம் அப்படி இருந்தது. அதை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பட்டியலில் உள்ள பிழையை எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அதற்கு ஒரு படிவம் இருக்கிறதாம், படிவம் தீர்ந்துவிட்டதாம். 2001 நாவலைக் கடைசியில் ஒரு நண்பரிடம் வாங்கினேன்.

ஆனால் அந்த 2010ஐ எடுத்து வந்ததில் லாபம் இருந்தது. அதன் முன்குறிப்பில் கிளார்க்கே சொல்லிவிடுகிறார்: முதல் நாவலில் சனி, படத்தில் வியாழன், இந்தப் புத்தகம் படத்தின் வழியில் போகிறது என்று. சனி பற்றிய வாதம் அந்த ஒரு குறிப்பில் முடிந்தது. எழுதியவரே எங்கே முரண்படுகிறது என்று சொல்லும் இடங்கள் முன்னுரைகளில்தான் இருக்கும். நாம்தான் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அப்புறம் சந்திரா.

விஷயம் இதுதான். படத்தில் ஹால் தனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் என்று சொல்வது திரு. லாங்லி என்ற பெயரை. முதல் நாவலில் அந்த இடத்தில் வருவது டாக்டர் சந்திரா. அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்று தெரியவருவது 1982இல் வந்த 2010 நாவலில். 1984இல் அது படமானபோது சந்திராவாக நடித்தவர் அமெரிக்கரான பாப் பாலபன். நம் ஊர் வாசனை திரைக்கு வரும்போது மொத்தமாகப் போய்விட்டது. எனக்கும் அதில் வருத்தம்தான். 1956இலிருந்து 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த கிளார்க், உலகத்தின் மிகப் புகழ்பெற்ற கணினிக்கு இப்படி ஒரு பெயர்க்காரரை ஆசானாக வைத்ததைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் குப்ரிக் படத்தின் பக்கத்தில், அதுவும் நிஜமான விஞ்ஞானி போலத் தொனிக்கும் வரியில், அது எப்படி இருக்கலாம்?

நீக்கியதும் பேச்சுப் பக்கம் கொதித்தது. 'தமிழன் பெயரை நீக்குவதில் உங்களுக்கு என்ன லாபம் நண்பரே?' என்று ஒருவர். இன்னொருவர் என் மற்ற தொகுப்புகளையெல்லாம் தோண்ட ஆரம்பித்தார். சந்திரா கதைப்பாத்திரம் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பிறகு அந்த மூத்த பயனர் ஒரு மேற்கோளைக் கொண்டுவந்தார்: ஒரு இணைய இதழின் கட்டுரை, அதில் அதே வாக்கியம். நம்பகமான ஊடகம், எனவே வரி இருக்கலாம் என்றார்.

கட்டுரையைப் படித்தேன். வாக்கியம் மட்டுமல்ல, அதில் இருந்த எழுத்துப்பிழையும் அதே. பக்க வரலாற்றில் பின்னோக்கிப் போய் அந்த வரி எப்போது நுழைந்தது என்று தேடினேன். கட்டுரை வெளியாவதற்கு வெகு முன்பே பெயரில்லாத ஒருவர் அதைச் சேர்த்திருந்தார். இதழ்க்காரர் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்திருக்கிறார். கலைக்களஞ்சியம் இப்போது இதழைச் சாட்சிக்கு அழைக்கிறது. இரண்டு தேதிகளையும் அந்தப் பிழையையும் அருகருகே வைத்துப் பேச்சுப் பக்கத்தில் போட்டேன். நீண்ட மௌனம். பட்ட பாடு அத்தனையிலும் எனக்கு மனநிறைவு தந்த இடம் அதுதான். மேற்கோள் ஒன்று சந்தேகமாகத் தெரிந்தால் முதலில் தேதியைப் பாருங்கள், அப்புறம் பிழையைப் பாருங்கள். நகலெடுப்பவர்கள் பிழையையும் விசுவாசமாக எடுத்துவிடுவார்கள்.

மௌனத்துக்குப் பிறகு, நாவலில் அப்படித்தான் இருக்கிறது என்பதற்குப் பக்கத்தைப் படமெடுத்துப் பதிவேற்றச் சொன்னார்கள். காப்புரிமை உள்ள புத்தகம், கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். ஆதாரத்தை மறைக்கிறேன் என்றார்கள். சரி என்று பதிவேற்றினேன். காப்புரிமை மீறல் என்று ஒரு நிர்வாகி அதை நீக்கி எனக்கு எச்சரிக்கையும் கொடுத்தார். கேட்டவர் அந்த உரையாடலில் தலையைக் காட்டவே இல்லை. யார் கேட்டாலும் படம் போடாதீர்கள். பதிப்பு, அத்தியாய எண், தேவையென்றால் ஒரு வரி, அதுவே போதும்.

கடைசியில் முடித்து வைத்தது ஒரு சின்ன அட்டவணை. படம், முதல் நாவல், 2010 நாவல் என்று மூன்று பத்திகள். ஆண்டு, கோள், ஒற்றைக்கல்லின் வயது, ஹாலின் ஆசான் என்று வரிசைகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் காட்சி அல்லது அத்தியாயம். அதுவரை எதிலும் தலையிடாத ஒரு நிர்வாகி அதைப் பார்த்து, 'இதில் எதை மறுக்கிறீர்கள்?' என்று எல்லோரையும் கேட்டார். யாரும் எதையும் மறுக்கவில்லை. கதைச்சுருக்கம் படத்தின்படி மாறியது. 'நாவலும் படமும்' என்று தனிப் பிரிவு வந்தது. சந்திரா முழுப்பெயரோடு, கதைப்பாத்திரம் என்ற அடையாளத்தோடு அங்கே குடியேறினார். என்னைத் திட்டியவர்களில் ஒருவர் 2010 நாவலுக்கே தனிப் பக்கம் தொடங்கியிருக்கிறார், நன்றாகவே எழுதுகிறார்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. குரங்கு மனிதன் எறிந்த எலும்பு மேலே போய்ச் செயற்கைக்கோளாக மாறும் வெட்டு. அது அணு ஆயுதம் தாங்கிய செயற்கைக்கோள் என்று பக்கத்தில் இருக்கிறது. எடுத்தவர்களின் ஆரம்ப எண்ணம் அதுதான். ஆனால் திரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொல்லியிருக்கக்கூடிய பின்னணிக் குரலைக் குப்ரிக் எடுத்துவிட்டார். கதைச்சுருக்கத்தில் 'செயற்கைக்கோள்' என்று மட்டும் போட்டு, ஆயுதத்தைத் தயாரிப்புப் பிரிவுக்கு நகர்த்தலாம் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

ஹால் (HAL) என்பதன் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் அடுத்த எழுத்துக்குத் தள்ளினால் கணினி நிறுவனமான ஐபிஎம் (IBM) வரும், அதனால்தான் அந்தப் பெயர் என்ற துணுக்கும் நீக்க நீக்கத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நீக்குவதை விட்டுவிட்டேன். கிளார்க் அதை மறுத்தார் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தேன். 2010 நாவலில் அதைச் சுத்த அபத்தம் என்று சந்திராவே மறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மேற்கோளாக அந்த அத்தியாயத்தைக் கொடுத்திருக்கிறேன். இதுவரை யாரும் கைவைக்கவில்லை.