என் பல்லும் மகள் பல்லும்

தர்மபுரிப் பக்கம் பழுப்புப் பல்லை யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், குடித்து வளர்ந்தால் பல் கறையாகும். என் பல்லுக்கும் அதையேதான் சொன்னார்கள். அப்பாவுக்கும் இதே பல். அத்தைக்கு முப்பது வயதுக்குள் ஈறு வரை தேய்ந்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல் செட் போட்டுக்கொண்டார். அதே தண்ணீரைக் குடித்த தம்பிக்கு மட்டும் அங்கங்கே வெள்ளைத் திட்டு, வேறொன்றும் இல்லை. அது ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

2013-ல் போர் தண்ணீருக்குப் பதிலாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. என் மகள் பிறந்தது 2019-ல். அவளுக்கு முளைத்த முதல் பல்லே சாம்பலும் பழுப்புமாக இருந்தது. இனித் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது.

சேலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். மேற்படிப்பு படிக்கும் பெண் டாக்டர் ஒருவர் மகளின் முன்பல்லுக்குப் பின்னால் போன் டார்ச்சைப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். பல் முழுக்கத் தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவியது. "தண்ணியால வர்ற கறை மேல்பூச்சுல இருக்கும், பால் பல்லுல அவ்வளவா தெரியாது அக்கா. இது உள்ள இருந்தே வர்ற நிறம். உங்க பல்லையும் பார்க்கலாமா?" என்றார். எனக்கு எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார்கள். பல்லின் தலை உருண்டு, கழுத்து இறுகி, வேர் குட்டையாக இருந்தது. நரம்பு ஓடவேண்டிய இடம் அடைபட்டுப் போயிருந்தது. எலும்பு அடிக்கடி முறியுமா, கண்ணின் வெள்ளை நீலமாகத் தெரியுமா என்றும் விசாரித்தார். எலும்பு நோயோடு சேர்ந்து வரும் வகை ஒன்று உண்டாம். எங்களுக்கு அது இல்லை.

டென்டினோஜெனசிஸ் இம்பர்ஃபெக்டா என்று எழுதிக் கொடுத்தார்கள். மேல்பூச்சான எனாமல் சரியாகத்தான் இருக்கும். அதற்கு அடியில் இருந்து அதைத் தாங்கும் டென்டின் என்ற பகுதிதான் பலவீனம். மண்சுவரில் பூசிய சிமென்ட் மாதிரி மேல்பூச்சு பெயர்ந்துவிடும், அப்புறம் உள்ளே இருப்பது வேகமாகத் தேயும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. தம்பி தப்பியது இப்படித்தான். கணவர் வீட்டில் யாராவது என்னைக் குறையாகப் பேசுவதற்குள், இது யார் செய்த தப்பும் இல்லை என்று நானே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இனி என்ன செய்வது என்பதுதான் பெரிய யோசனை. ஒரு தனியார் கிளினிக்கில் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல், வைக்கலாம் என்றார்கள். 5 லட்சத்துக்கு மேல் ஆகும். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், இருக்கும் வேரை இந்த வயதில் பிடுங்க எனக்கு மனமில்லை. பல் போனால் தாடை எலும்பும் கரையும். அத்தையின் கீழ் செட் இப்போது நிற்பதே இல்லை. களியென்றால் குழம்பில் தொட்டு விழுங்கிவிடுவார். இட்லியைக்கூட நசுக்கித்தான் சாப்பிடுகிறார்.

நிறத்துக்காக பிளீச்சிங் செய்யலாமா என்று கேட்டேன். உள்ளிருந்து வரும் நிறத்துக்கு அது அவ்வளவாக உதவாது என்றார்கள். முன்னால் மட்டும் வெனீர் என்ற மெல்லிய தகட்டை ஒட்டலாம் என்றால், உதிரும் எனாமலில் ஒட்டியதும் சேர்ந்தே உதிரலாம். ரூட் கெனாலும் எளிதில்லை. சீழ் பிடித்த ஒரு கடைவாய்ப் பல்லில் நரம்பு வழியையே கண்டுபிடிக்க முடியாமல் எடுக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் என்று முடிவு செய்தேன். அதிலும் சிக்கல் உண்டு. பல் தேய்ந்து குட்டையானதால் கேப் பிடித்து நிற்க இடமில்லை. ஈறை வெட்டி உயரம் கூட்டலாம் என்றால் வேரே குட்டை. அதனால் முதலில் தற்காலிக அக்ரிலிக் (பிளாஸ்டிக்) கேப் போட்டு, கடிக்கும்போது மேல் தாடைக்கும் கீழ் தாடைக்கும் உள்ள உயரத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்கள். தாடை வலிக்காமல் இதற்குப் பழகினால், பின்பற்களுக்கு மெட்டல் கேப். முன்பல்லுக்குப் பல் நிறத்தில் இருக்கும் சிர்கோனியா கேப் அப்புறம். சிரிப்பு அழகாக வேண்டும் என்ற ஆசை எனக்கும் நிறையவே இருக்கிறது. ஆனால் பின்பல் தாங்காவிட்டால் மெல்லும் பாரமெல்லாம் முன்பல்லில் விழும். எனவே பின்பல்தான் முதலில்.

மகளின் பால் கடைவாய்ப் பற்களுக்கு ஸ்டீல் கேப் போட்டாயிற்று. "பொம்பளப் புள்ளைக்கு இரும்புப் பல்லாம்மா?" என்று மாமியார் கலங்கிப்போனார். அதே வாரம் பேத்தி வேர்க்கடலையைக் கடித்துத் தின்பதைப் பார்த்த பிறகு அவரே கடலை வறுத்துக் கொடுக்கிறார். ஆறு வயதுக்கான நிரந்தரக் கடைவாய்ப் பல் இப்போது ஈறைக் கிழித்து எட்டிப்பார்க்கிறது. பால் பல்லைவிட நிரந்தரப் பல்லில் பாதிப்பு சற்றுக் குறைவாக இருக்கலாம் என்கிறார்கள். முழுதாக மேலே வந்ததும், தேய ஆரம்பிக்கும் முன்பே அதற்கும் கேப் போடச் சொல்லப்போகிறேன்.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இதே பல் இருந்து, குட்டை வேரில் கேப் போட்டிருந்தால் எத்தனை வருடம் தாங்கியது என்று எனக்கு எழுதுங்கள். எந்தப் பல்லில், என்ன கேப் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.